கிறாம் என்று எழுதிய பதினொரு பெட்டிகள்

கனடாவுக்குப் போகிறேன் என்றதும் ஜெர்மனியில், டோட்முண்டில் எங்கள் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி, "ஆற்றை கலியாணம்?" என்பதுதான். கல்யாணம் இல்லை என்றதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அப்ப ஆர் செத்தது?" என்றார்கள். எங்கள் ஆட்கள் டொரன்டோவுக்குப் போவதற்கு இந்த இரண்டு காரணங்கள்தான் உண்டு. அக்கா வீட்டு பல்கனியைத் துப்புரவாக்கப் போகிறேன் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

என்னைக் கூப்பிட்டது அக்காவின் மகன் நிமலன். டொரன்டோவுக்கு வெளியே விட்பியில் புதிதாக வீடு வாங்கிக் குடியேறியிருப்பவன். "மாமா, அம்மாவுக்கு பில்டிங்காலை லெட்டர் வந்திருக்கு. ஐ மீன், சீரியஸ் லெட்டர். மூண்டாவது தரம். வாற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்சன். வீடு கிளியரா இல்லாட்டி அம்மாவை வீட்டாலை எழுப்பிற வேலையைத் தொடங்குவாங்கள்."

"நீ போய்ச் செய்யன்."

"நான் தொட்டா அம்மா கத்துறா. நீங்கள் தம்பி. உங்களோடை கத்தமாட்டா. இது சரிவராட்டி நான் அம்மாவை விட்பிக்குக் கூட்டிக்கொண்டு போறன், அவ்வளவுதான்."

அக்கா விட்பிக்குப் போகமாட்டா என்பது எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை போனிலே சொல்லியிருந்தா: "அங்கை வடிவான வீடுதான். ஆனா எனக்குத் தட்டுறதுக்கு ஒரு கதவும் தெரியாது." அந்த வசனத்தை நான் என் கொப்பியில் எழுதிவைத்திருந்தேன். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மிச்சத்தையெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து படித்தேன். முப்பது வருடம் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்தவனுக்கு அதுதான் பல்கலைக்கழகம். ஆரும் நல்லதாக ஒன்று சொன்னால் கொப்பியில் குறித்துக்கொள்வேன். சொன்னதை விளங்கிக்கொண்டேனா என்பது வேறு கதை. இந்தப் பயணத்தில் என்னைப் பிடித்து விழுத்தியது அந்த வேறு கதைதான்.

ஞாயிறு

நெடுஞ்சாலையில் பன்னிரண்டு பாதை. பன்னிரண்டிலும் வாகனம், ஒன்றும் அசையவில்லை. ஜெர்மனியில் நெரிசலில் நிற்கிறவர்கள் கோபத்தில் முணுமுணுப்பார்கள். இங்கே பக்கத்துக் காரில் இருந்த மனிதர் ஸ்டியரிங்கின் மேல் தட்டை வைத்துச் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமலன் மட்டும் வழிநெடுக வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு விமானத்தில் சாப்பிட்ட பாண் நெஞ்சிலேயே நின்றது.

ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் அக்காவின் கட்டடத்துக்கு இருபது மாடி, இரண்டு லிஃப்ட். ஒன்றில் 'பழுது' என்று தாள் ஒட்டியிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் போனில் ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போக இன்னும் அரை மணித்தியாலம் ஆகும்." கொப்பியை எடுத்தேன். நிமலன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

ஐந்தாம் மாடி. கதவு பாதிதான் திறந்தது. அந்தப் பாதிக்குள்ளால் அக்காவின் முகம் தெரிந்தது. "வாடா சின்னவன். வயித்தை எக்கிக்கொண்டு வா."

எக்கிக்கொண்டுதான் போனேன். தயிர் டப்பா, ஐஸ்கிறீம் வாளி, கடைச்சாப்பாடு வருகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டி, ஜாம் போத்தல், அலுமினியத் தட்டு, நாலடுக்குச் சாப்பாட்டுக் கரியர் என்று கூரைவரை. எல்லாம் கழுவித் துடைத்து, மூடி போட்டு, அளவு பார்த்து அடுக்கியவை. ஒன்றிலும் ஒரு பருக்கை இல்லை. வாசலிலிருந்து அறைகளுக்குப் போகும் ஓடைக்குள் ஓராள் பக்கவாட்டாகத்தான் நடக்கலாம். பல்கனிக் கதவுக்கு அந்தப் பக்கமும் அதே அடுக்கு. சோபாவில் ஓராள் இருக்க இடம் இருந்தது. அதில் என்னை இருத்திவிட்டு அக்கா கதிரைக் கையைப் பிடித்தபடி நின்றா. முழங்கால் ஒப்பரேசன் செய்து எட்டு மாதம்.

இடியப்பமும் சொதியும் சம்பலும் வந்தன. "கடைச் சாப்பாடுதான், குறை நினையாதை. அடுப்படியிலை நிண்டால் கால் இழுக்குது."

சாப்பிட்டுவிட்டு, சும்மா இருக்காமல் வாயைத் திறந்தேன். "அக்கா, உதுக்கு ஜெர்மன்காரர் ஒரு சொல்லு வைச்சிருக்கினம். கிறாம்."

"எத்தினை கிராம்?"

"நிறை இல்லையக்கா. கிறாம். குப்பையும் இல்லை, சாமானும் இல்லை. ரெண்டுக்கும் நடுவிலை கிடக்கிறது."

டோட்முண்டில் எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துக்குக் கீழே ஓர் அறை உண்டு. எறிய மனம் வராததையெல்லாம் அதற்குள் தள்ளிப் பூட்டிவிடுவோம். மேல் வீட்டு ஃப்ராவ் பெக்கர் என் அறையை எட்டிப் பார்த்து, "இது என்ன கிறாம்!" என்றுதான் எனக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தினா. ஒருநாள் அவவின் அறையை நான் ஒதுக்கப் போனபோது, "தொடாதே, அது என் கிறாம்" என்றா. அப்போது குரல் வேறு. ஒரே சொல் அடுத்தவரின் பொருளுக்கு ஏச்சு, தன் பொருளுக்கு உரிமை. இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கினேன். டொரன்டோ மாடிவீடுகளில் கீழறை கிடையாது. கிறாம் முழுவதும் கூடவே குடியிருக்கிறது.

அக்கா கேட்டுவிட்டு, அடுக்குகளைப் பார்த்து மெல்லச் சொன்னா. "உதுக்குள்ளை எல்லாம் ஆக்கள் இருக்கினம், தம்பி."

ஆகா என்றேன். கொப்பியில் எழுதினேன். அடிக்கோடும் போட்டேன். என்ன கருத்து என்று கேட்கவில்லை.

திங்கள்

குளிர்பெட்டிக் கதவில் அந்தக் கடிதம் காந்தத்தால் ஒட்டியிருந்தது. பால் எடுக்கப் போனால் கடிதம், தண்ணீர் எடுக்கப் போனால் கடிதம். அதில் தடித்த எழுத்தில் 'கிளட்டர்', அதாவது அடைசல், என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. நான் எண்ணினேன்.

வெறும் பெட்டி வாங்க பஸ்ஸில் தமிழ்க் கடைக்குப் போனேன். பிஸ்கட் வந்த பெரிய அட்டைப் பெட்டிகள் பதினொன்று தந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக் கயிறு கட்டிக்கொண்டு திரும்ப ஏறினேன். எங்கள் ஊரில் பஸ்ஸை நிறுத்தச் சிவப்புப் பொத்தானை அமத்துவோம். இந்தப் பஸ்ஸில் நான் நின்ற இடத்தில் பொத்தானைக் காணவில்லை. ஜன்னல் ஓரமாக ஒரு மஞ்சள் கயிறு மட்டும் உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரி ஓடியது. என் தரிப்பு வந்தது, போனது. அடுத்ததும் போனது. கட்டடம் சின்னதாகிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்தில் இருந்த ஜமேய்க்கா அம்மா என்னையும் பெட்டிகளையும் பார்த்துவிட்டு எட்டிக் கயிற்றை இழுத்தா. டிங். "இழு மகனே, அது உன்னைக் கடிக்காது" என்றா. பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நான்கு தரிப்பு பின்னுக்கு நடக்கிறபோது சிரிப்பு நின்றுவிட்டது. வழியில் சூடாக, மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்த பற்றிஸ் ஒன்று வாங்கித் தின்றேன். எங்கள் பற்றிஸை யாரோ மஞ்சள் பூசிப் பெரிதாக்கிவிட்டது போல இருந்தது.

அன்று முழுவதும் அக்கா என்னை ஒரு டப்பாவைத் தொடவிடவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்றா. நாளை செவ்வாய். அதற்குப் பிறகு புதன், வியாழன். பிறகு பத்து மணி.

செவ்வாய்

காலையில் அக்காவைக் கால் பயிற்சிக்குக் கூட்டிப்போக வான் வந்தது. ஒரு மணிக்குத்தான் திரும்புவா. கதவு சாத்தியதும் நான் ஒரு கணம் நின்றேன். செய்யலாமா? நிமலனின் குரல் காதில் கேட்டது. கடிதம் குளிர்பெட்டியிலிருந்து பார்த்தது. செய்தேன்.

மூடிகளைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகியதில், மூன்று மணித்தியாலத்தில் எல்லாம் பதினொரு பெட்டிக்குள் அடங்கின. அக்கா பார்த்து மிரளாமல் இருக்கட்டும் என்று குப்பை என்று எழுதவில்லை. மரியாதையாக, பெட்டியின் மேல்மூடியில் பெரிய எழுத்தில் KRAM என்று எழுதினேன். பெட்டியின் இரண்டு மடிப்பும் சேரும் இடத்தில் ஒட்டுத்தாள் ஓடும். அதில் மை பிடிக்காது. ஆகவே முதல் எழுத்து ஒட்டுத்தாளுக்கு இந்தப் பக்கமும், மற்ற மூன்றும் அந்தப் பக்கமும் விழுந்தன. இதை அப்போது கவனிக்கவில்லை.

இந்தக் கட்டடத்தைப் பராமரிப்பவரை 'சூப்பர்' என்று கூப்பிடுகிறார்கள். முதலில் பாராட்டு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது உத்தியோகம். கயானாக்காரர், வின்ஸ்டன் என்று பெயர். அவருடைய தள்ளுவண்டியை, எதற்கென்று சொல்லாமல், இரவல் வாங்கி, நான்கு தரம் லிஃப்டில் இறங்கி, கீழே பெரிய சாமான்கள் எறிகிற அறைக்குள் எல்லாவற்றையும் வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தரை தெரிந்தது. பல்கனியிலிருந்து வானம் தெரிந்தது.

ஒரு மணிக்கு அக்கா வந்தா. கதவு முழுதாகத் திறந்தது. அதிலேயே அவவுக்கு விளங்கிவிட்டது.

"எங்கை?"

"கீழை அக்கா. எல்லாம் போட்டுது. இனி வெள்ளிக்கிழமைக்குப் பயமில்லை."

கத்துவா என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சோபாவில் இருந்து, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா. "வெறுமையாவோ போச்சுது?"

"பின்னை? வெறும் டப்பாதானே?"

"சின்னவன், எங்கடை வீட்டிலை ஆற்றையும் ஏனத்தை எப்பவாவது வெறுமையாத் திருப்பிக் குடுத்திருக்கிறமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தான் செத்தபோது முப்பத்தொரு நாளும் இந்தக் கட்டடம்தான் அக்காவுக்குச் சாப்பாடு தந்தது. ஒப்பரேசன் முடிந்து வந்தபோது மறுபடியும். தமிழர் மட்டுமில்லை, பதினோராம் மாடி பிலிப்பினோ நேர்ஸ், எட்டாம் மாடி குஜராத்திப் பெண், எதிர்க் கதவு சோமாலித் தாய். ஒருவர் தந்த பாத்திரத்துக்குள் ஒரு பிடி சீனியாவது போடாமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. அக்கா கழுவினா, துடைத்தா, கால் சுகமானதும் சமைத்துக் கொடுப்போம் என்று அடுக்கினா. கால் சுகமாகவில்லை. அடுக்கு வளர்ந்தது. பாத்திரம் வரவில்லையே என்று அந்தச் சனமும் பார்க்கவில்லை, அடுத்த சாப்பாட்டை அடுத்த டப்பாவில் கொண்டுவந்து தந்தது. உதுக்குள்ளை எல்லாம் ஆக்கள் இருக்கினம். அடிக்கோடு போட்டேனே தவிர, கேட்கவில்லை.

படியால் ஓடினேன். ஐந்து மாடியும் ஓடினேன். அறை வெறுமையாகக் கிடந்தது. ஒரு பெட்டி இல்லை. தரை கூட்டிக்கொண்டிருந்த ஒருவர், "லொறி கொஞ்ச நேரத்துக்கு முன்னமே வந்து போய்விட்டது" என்றார்.

மேலே வந்து சொன்னேன். அக்கா அன்று சாப்பிடவில்லை.

புதன்

சூப்பருக்கு விடுமுறை நாள். அவருடைய கதவில் நான்கு தரம் தட்டினேன். ஐந்தாவது தரம் தட்டியபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அவருக்கும் ஒரு நாள் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நியாயம்தான்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு மலிவுக்கடைக்குப் போய், நீல மூடி போட்ட புது டப்பாக்கள் இரண்டு பை நிறைய வாங்கிவந்து மேசையில் வைத்தேன். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தா.

"இதைக் குடுத்து என்னெண்டு சொல்லுறது? உங்கடையைக் குப்பையிலை போட்டிட்டன், இந்தாங்கோ புதுசு எண்டோ?"

வாங்கிய டப்பாக்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். என் பங்குக்கு நானும் கொஞ்சம் கிறாம் சேர்த்தாயிற்று.

மத்தியானம் நிமலன் வீடியோவில் வந்தான். போனைச் சுற்றிக் காட்டச் சொன்னான். காட்டினேன். "ஓ மை கோட்! மாமா, யூ ஆர் அ லெஜண்ட்! பல்கனி தெரியுது!"

அக்கா போனுக்குள் எட்டிப் பார்த்தா. "நிமலன், விட்பி வீட்டிலை அந்தக் கீழ் அறை இன்னும் சும்மாதானே கிடக்கு?"

"ஓம் அம்மா. ஏன்?"

"நான் வாறன். சனிக்கிழமையே வந்து ஏத்து."

போனை வைத்துவிட்டு, "என்னக்கா இது? வீட்டைக் காப்பாத்தத்தானே இவ்வளவும்" என்றேன்.

"வீடு நிண்டிட்டுது. நான் ஆற்றை முகத்திலை முழிக்கிறது? லிஃப்டுக்குள்ளை அந்த நேர்ஸ் பிள்ளை நிண்டால் நான் எங்கை பாக்கிறது? மேலை பாக்கவோ, நம்பரைப் பாக்கவோ?"

இந்த வசனத்தைக் கொப்பியில் எழுதவில்லை. எழுதக் கை போகவில்லை. அக்காவை இந்த வீட்டில் இருத்த வந்தவன் நான். கடிதத்தால் முடியாததை மூன்று மணித்தியாலத்தில் செய்து முடித்துவிட்டேன்.

வியாழன்

காலை ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், மெலிந்து உயர்ந்த ஒரு மனிதர். எழுபத்தைந்து வயது இருக்கும். குளிர்ச்சட்டை இன்னும் கழற்றவில்லை. கையில் ஒரு சதுரக் கண்ணாடிப் பாத்திரம், முகத்தில் பதற்றம்.

"மணி இரிக்கிறாவா?"

மணி என்றது அக்காவை. அவ உள்ளேயிருந்து, "ராம் அண்ணையே? வாங்கோ, வாங்கோ" என்றா. பதினான்காம் மாடியில் தனியாக இருக்கிற மட்டக்களப்புக்காரர் என்று என்னிடம் சொன்னா.

அவர் இருக்கவில்லை. "என்னகா இது வேலை? நான் ஒரு கிழமையா பிறம்ரன்ல, மகள்ட வீட்ட. காலத்தால வந்து கதவத் திறக்கன், திறக்குதில்ல. தள்ளிப் பாத்தா உள்ளுக்கப் பெட்டி. வாசல்ல பெட்டி, சோபாவுல பெட்டி. எல்லாத்துலயும் என்ட பேரு! சூப்பரக் கேட்டா, கீழ உங்கட சாமான ஆரோ மாறி வச்சிட்டாங்க, நான்தான் பத்திரமாக் கொண்டுவந்து வச்சன் எண்டு சிரிக்கான்."

"உங்கடை பேரோ?"

"கே. ராம் எண்டு கொட்ட எழுத்துல."

அவருடைய முழுப்பெயர் கந்தப்போடி இராமக்குட்டி. கனடாவில் அந்தப் பெயர் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது. வாடகைப் பட்டியலில் வெட்டி, K. RAM என்று போட்டிருக்கிறார்கள். ஒட்டுத்தாளுக்கு இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் மூன்று. ஜெர்மன்காரனின் தட்டுமுட்டுச் சாமான், ஸ்காபரோவில் முதலெழுத்தோடு கூடிய ஒரு தமிழனாகிவிட்டது.

"எங்கட வீட்ட இது எப்பிடி வந்த எண்டு ஒண்டொண்டாத் திறந்து பாத்தன். எல்லாம் வெறும் டப்பா. மறுகா, ஆறாவது பெட்டிக்குள்ள இது." கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பினார். மூடியில் கறுப்பு மையில் அதே நான்கு எழுத்து. வேலைசெய்த காலத்தில் தொழிற்சாலைக் குளிர்பெட்டியில் யாரும் மாறி எடுக்காமல் இருக்க எழுதியதாம். "இதுலதானே உங்கட அவர் மோசம்போன நேரம் கத்தரிக்காய்க் கறி கொண்டந்து தந்த நான். அப்ப இது மணிட சாமான் எண்டு விளங்கிட்டு."

அக்கா பாத்திரத்தைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. மூன்று நாளில் முதல்தரம் பார்த்தா.

"எல்லாம் இருக்கோ ராம் அண்ணை?"

"எல்லாம் இரிக்கி. அதுதான் பிரச்சின. நாளைக்கி எனக்கும் இன்ஸ்பெக்சன் புள்ள! பதினொண்டரைக்கு. இதுகள வச்சிக்கிட்டு நான் என்ன செய்யிற?"

இங்கே கொண்டுவந்தால் பத்து மணிக்கு அக்கா பிடிபடுவா. அங்கே விட்டால் பதினொன்றரைக்கு அவர். கீழே போட்டால், யோசிக்கவே கூடாது.

அக்கா கைத்தடியை ஊன்றி எழும்பினா. "சின்னவன், பெரிய சட்டி மேல் தட்டிலை கிடக்கு. இறக்கு."

"கால் அக்கா..."

"காலைப் பிறகு பாப்பம். கடைக்கு ஓடு. பச்சையரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால், கயூ, பிளம்ஸ். சர்க்கரைப் புக்கை பொங்குவம். ஆளுக்கு ரெண்டு கரண்டி எண்டாலும் காணும்."

இந்தமுறை மஞ்சள் கயிற்றைச் சரியாக இழுத்தேன்.

அக்காவின் குசினியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் சட்டிக்குள்தான் நிற்கவேண்டும். அக்கா உயரமான கதிரையில் இருந்து கிண்டினா, ராம் அண்ணை பயறு வறுத்தார், நான் ஆஸ்பத்திரிக் குசினிப் பழக்கத்தில் டப்பாக்களை நீளமாகப் பரப்பினேன். அதற்குள் இரண்டு பேரும் வாய்ச் சண்டை.

"யாழ்ப்பாணத்தார் புக்கைக்குச் சக்கரை போடச் சொன்னா, தராசுல வச்சி நிறுத்தெல்லவா போடுற."

"மட்டக்களப்பார் பயறை வறுக்கச் சொன்னாக் கரிக்கிறியள். கிண்டுங்கோ அண்ணை, கதையாதேங்கோ!"

எந்த டப்பா எவருடையது என்று அக்காவுக்கு ஒரு சீட்டுத் தேவைப்படவில்லை. "உந்தச் சிவப்பு மூடி பதினொண்டு, நேர்ஸ். உந்த வாளி எட்டாம் மாடி. நெளிஞ்சது கிடக்கெல்லே, அது அந்தப் பெடிச்சி, மூண்டாம் மாடி, நாய் வைச்சிருக்கிறவள்." சில பேருக்கு ஏழெட்டு டப்பா சேர்ந்திருந்தது. ஒன்றுக்குள் புக்கை, மற்றவற்றை அதற்குக் கீழே அடுக்கிக் கட்டினோம். கேட்டால், "எல்லாம் ஒரே குடும்பம், ஒண்டுக்குக் குடுத்தால் காணும்" என்றா அக்கா. சட்டத்துக்குள் ஓர் ஓட்டை கண்டுபிடித்துவிட்டா.

பின்னேரம் தொடங்கினோம். அக்கா தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடந்தா. நானும் ராம் அண்ணையும் பின்னால். ஒற்றை லிஃப்டை எங்களுக்கென்று பிடித்துவைத்ததற்கு மாடிக்கு மாடி திட்டு. கதவு திறந்து புக்கை கைக்கு வந்ததும் திட்டு நின்றது. நேர்ஸ் பெண் சிவப்பு மூடியைப் பார்த்துவிட்டு, "அன்ரி, நடக்கிறீர்களா!" என்று ஆங்கிலத்தில் கூவினாள். டப்பாவைப் பற்றி அவள் ஒரு சொல் கேட்கவில்லை. அக்கா லிஃப்டுக்குள் திரும்பி வந்ததும் கண்ணைத் துடைத்தா, நாங்கள் இரண்டு பேரும் நம்பரைப் பார்த்தோம்.

எட்டு மணிக்கு அக்காவின் கால் வீங்கிவிட்டது. இன்னும் மூன்று பெட்டி.

வெள்ளி

ஆறு மணிக்கே எழும்பினேன். ராம் அண்ணையும் நானும் மட்டும் போனோம். வேலைக்குப் போகிற அவசரத்தில் கதவு திறந்த ஆட்கள் முன்பின் தெரியாத இரண்டு கிழவர்கள் டப்பாவோடு நிற்பதைப் பார்த்துப் பயந்தார்கள். "ஐந்தாம் மாடி மணி அன்ரி" என்றதும் முகம் மாறியது. அந்தப் பெயர் அந்தக் கட்டடத்தில் எல்லாப் பூட்டுக்கும் பொருந்துகிற திறப்பு மாதிரி.

ஒன்பது ஐம்பதுக்குக் கையில் இரண்டு டப்பா மிஞ்சியது. உரியவர்கள் வீட்டில் இல்லை. ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் கதவுக்கு வெளியே ஓடையில் ஆட்கள் பேசும் சத்தம். டப்பா இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு நான் அவற்றுக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் கையில் தட்டைக் கணினி, இளையவன் கையில் டோர்ச். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். ஓடையின் அகலத்தை அளந்தார்கள். பல்கனிக்குப் போனார்கள். மூத்தவர் கட்டிலுக்குக் கீழே குனிந்து நான் வாங்கிய நீல டப்பாக்களைப் பார்த்தார். "புதுசு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார். ஏதோ அழுத்தினார். "நல்லது அம்மா, இனி இப்படியே வைத்திருங்கள்."

அவ்வளவுதான். இதற்காகத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

அக்கா விடவில்லை. என்னைத் தள்ளிவிட்டு ஒரு டப்பாவை எடுத்து மூத்தவரிடம் நீட்டினா. நேரமிருக்கிறது, உரியவருக்கு வேறு போட்டுக் கொடுக்கலாம் என்று தமிழில் எனக்கு விளக்கம். அவர் கையை விரித்தார். "மன்னிக்கவேண்டும், எங்களுக்கு விதி இருக்கிறது." இளையவனின் மூக்கு ஏற்கெனவே டப்பாப் பக்கம் திரும்பியிருந்தது. அவன் மெல்ல, "அந்த விதி சாப்பாட்டுக்கும் இருக்கிறதா?" என்று கேட்டான். மூத்தவர் கூரையைப் பார்த்தார். டப்பா கை மாறியது. வாசலில் நின்று இளையவன் சொன்னான்: "பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன்."

கதவு சாத்தியதும் அக்கா என் தோளில் பிடித்தா. "திருப்பித் தாறன் எண்டுதானே சொன்னவன்? நல்ல வளர்ப்பு."

சனி

நிமலன் பெரிய வானோடு வந்தான், அம்மாவை ஏற்ற. அவன் உள்ளே வந்தபோது குஜராத்திப் பெண் வாசலில் நின்றாள். கையில் அதே ஐஸ்கிறீம் வாளி. உள்ளே டோக்ளா. அவளுக்குப் பின்னால் சோமாலித் தாய், சமோசாவோடு. மத்தியானத்துக்குள் மேசையில் ஒன்பது டப்பா.

நிமலன் தலையில் கைவைத்தான். "அம்மா! தே ஆர் கமிங் பேக்!"

நான் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் அடுத்த பரிசோதனை வரும் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தது. அக்கா மட்டும் ஒரு சமோசாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஆறுதலாகச் சொன்னா.

"வானைத் திருப்பிக் கொண்டுபோ அப்பன். உதெல்லாத்தையும் நிரப்பித் திருப்பிக் குடுத்து முடிச்சிட்டு நான் விட்பிக்கு வாறன்."

"எப்ப முடியும்?"

அக்கா சிரித்தா. கதவு மறுபடியும் தட்டப்பட்டது. ராம் அண்ணை. அவருடைய கண்ணாடிப் பாத்திரம் நிறைய முறுக்கு. "இது உனக்கு இல்ல மணி. தம்பிக்கு, பிளேனுக்கு."

வீடு

டோட்முண்ட் வந்து மூன்றாம் நாள். முறுக்கு முடிந்துவிட்டது. மகள் குசினியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்தவள். அந்தக் கண்ணாடிப் பாத்திர மூடியில் இருந்த எழுத்தை அவள் ஒரே மூச்சில் வாசித்தாள்.

"அப்பா, நீங்களே கிறாம் எண்டு எழுதி வைச்சிருக்கிறியள். எறியட்டே?"

"தொடாதை பிள்ளை! அது ஓராளின்ரை பேர்."

அவள் பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "உள்ளுக்கு ஒண்டும் இல்லையே."

"அதுதான் பிள்ளை இப்ப பிரச்சினை" என்றேன்.